புதிய கணிப்பொறிக்குப் பழைய முகம்



பல்லாண்டுகள் உழைத்த கணிப்பொறி ஒருநாள் ஓய்ந்துவிடுகிறது. புதியது ஒன்று வாங்கி வந்து மேசைமேல் வைக்கிறோம். பிள்ளைகள் மகிழ்ச்சியில் துள்ளுகின்றனர். ஆனால் கடைக் கணக்கையும், ஆண்டுதோறும் ஸகாத் கணக்கையும் தம் கைப்படவே கணிப்பொறியில் எழுதி வந்த வீட்டுப் பெரியவர் அதன்முன் அமர்ந்ததும் திகைத்துவிடுகிறார். இடக்கோடியில் இருந்த 'ஸ்டார்ட்' பொத்தான் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் இருந்த 'மை கம்ப்யூட்டர்' படத்தைக் காணவில்லை. கீழ்ப்பட்டையில் பெயருடன் தெரிந்த கோப்புகள் இப்போது வெறும் சிறு படங்களாகக் குவிந்து கிடக்கின்றன. இரண்டு நாள் முயல்கிறார். மூன்றாம் நாள், "இது நமக்குச் சரிப்பட்டு வராது, நீயே பார்த்துக்கொள்" என்று மகனிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்.

நம் இல்லங்கள் பலவற்றில் நிகழ்வது இது. வயதாகிவிட்டது, அறிவு மங்கிவிட்டது என்று நாமும் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அவருடைய அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குப் பழகிய பொருள்களின் இடங்களை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஐம்பதாண்டுகள் சமைத்த உம்மாவின் அடுக்களையில் உப்பையும் புளியையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, "உம்மாவுக்குச் சமையல் மறந்துவிட்டது" என்று சொன்னால் பொருந்துமா?

நல்ல செய்தி யாதெனில், புதிய கணிப்பொறிக்குப் பெருமளவு பழைய முகத்தையே கொடுத்துவிட முடியும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. அரைமணி நேரப் பொறுமையே போதும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முகம் பழையதாக இருக்கலாம். உள்ளே இயங்குவது பழையதாக இருக்கலாகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகம் மாறிய வரலாறு

கணிப்பொறியை நடத்திச் செல்லும் அடிப்படை மென்பொருளை இயக்க முறைமை என்பர். நம் வீடுகளிலும் கடைகளிலும் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இன்று நாம் அறிந்த ஸ்டார்ட் பொத்தானும், திரையின் அடியில் ஓடும் 'டாஸ்க்பார்' என்னும் பட்டையும் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 உடன் பிறந்தவை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நீலப் பட்டையும் பச்சைப் பொத்தானுமாகத் தோற்றமளித்தது. அதில் வரும் பசும்புல் மேட்டுப் படம் கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் 1996இல் எடுத்த புகைப்படமாகும். 2009இல் விண்டோஸ் 7 வந்தது. பலருக்கு இன்றளவும் கண்ணில் நிற்கும் முகம் அதுவே.

அக்காலம் வரை புதிய பதிப்பு வந்தாலும் பழைய முகத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியை நிறுவனமே வைத்திருந்தது. எக்ஸ்பியிலும் அதன்பின் வந்த விஸ்டாவிலும் பழைய ஸ்டார்ட் பட்டியலுக்கு மாறலாம். விண்டோஸ் 7இல் அப்பட்டியல் நீங்கியது. எனினும் 'கிளாசிக்' என்னும் சாம்பல் நிறத் தோற்றம் எஞ்சியிருந்தது. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 அதையும் அகற்றியது. அத்துடன் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டு, திரை முழுதும் வண்ணச் சதுரங்களைப் பரப்பியது. உலகெங்கும் பயனாளர்கள் முகம் சுளித்தனர். ஓராண்டுக்குள், 2013 அக்டோபரில், விண்டோஸ் 8.1 வழியே பொத்தான் திரும்பி வந்தது. 2015இல் விண்டோஸ் 10 பழைய பாணிப் பட்டியலையும் திருப்பித் தந்தது.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இலும் இதே கதைதான். பொத்தான் நடுவுக்கு வந்தது. டாஸ்க்பாரில் கோப்புகளின் பெயர்கள் மறைந்தன. குறைகூறல்கள் குவிந்தபின், 2023இல் பெயர்களைத் தெரியச் செய்யும் வசதி மீண்டும் சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. மாற்றத்தைக் கண்டு திகைத்தவர் உங்கள் வாப்பா மட்டுமல்லர். கோடிக்கணக்கானோர் திகைத்தனர், அத்திகைப்பைப் பார்த்து அந்நிறுவனமே பலமுறை பின்வாங்கியது. ஆகவே, பழைய முகத்தை விரும்புவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பழையதையே வைத்துக்கொண்டால் என்ன?

"இத்தனை தொல்லை எதற்கு? பழைய விண்டோஸ் 7ஐயே வைத்துக்கொள்கிறோமே" என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் அவற்றை அடைத்து அனுப்புகிறது. அதையே 'அப்டேட்' என்கிறோம். குறிப்பிட்ட காலத்திற்குப் பின் இந்தப் பணியை நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடனும் அது நின்றது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் இல்லத்தினர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. காலம் முடிந்தபின் அக்கணிப்பொறி இயங்கும். ஆனால் அதன் ஓட்டைகளை அடைப்பாரில்லை.

இதன் விளைவை உலகம் 2017 மே மாதம் கண்டது. 'வான்னாக்ரை' என்னும் நச்சு மென்பொருள் மே 12 அன்று பரவத் தொடங்கி, சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. தாக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்த அப்டேட்டைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணிப்பொறிகள். பூட்டை அனுப்பி வைத்தும் கதவில் மாட்டாதிருந்தால் குற்றம் யாருடையது?

நம் கணிப்பொறியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வங்கிக் கணக்கு விவரங்கள், பெண்மக்களின் புகைப்படங்கள், நிக்காஹ் பதிவுகள். பொறுப்பில் இருப்பவராயின் பள்ளிவாசல் சந்தா வரவு, மதரஸாக் கணக்கு, பைத்துல்மாலில் உதவி பெறும் ஏழைகளின் பெயர்ப் பட்டியல். இவற்றுள் பல நமக்குச் சொந்தமானவையே அல்ல. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதங்கள். நமக்குப் பழகிய முகம் வேண்டும் என்பதற்காக அமானிதத்தைத் திறந்த வீட்டில் வைப்பது தகுமா?

ஆகவே உள்ளே புதியதை வைத்துக்கொண்டு, வெளியே பழகிய முகத்தை அமைத்துக்கொள்வதே நல்வழி. அதைச் செய்யும் முறையைக் காண்போம்.

மென்பொருள் எதுவும் சேர்க்காமலே செய்யத்தக்கவை

கீழ்க்காணும் மாற்றங்கள் விண்டோஸ் 11இலேயே அடங்கியிருப்பவை. இவற்றால் கணிப்பொறிக்குத் தீங்கு நேராது. வேண்டாமெனில் வந்த வழியே திரும்பலாம்.

1. ஸ்டார்ட் பொத்தானை இடப்புறம் கொண்டுவர: டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' செல்க. 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்னும் பகுதியில் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்குக. பாதித் திகைப்பு இதனாலேயே தீரும்.

2. திறந்திருக்கும் கோப்புகளின் பெயர் தெரிய: அதே பகுதியில் பொத்தான்களை ஒன்றுசேர்ப்பது பற்றிய 'கம்பைன்' என்னும் வரி உண்டு. அதில் 'நெவர்' என்பதைத் தேர்க. இனி ஒவ்வொரு கோப்பும் தன் பெயருடன் தனித்தனியே நிற்கும்.

3. வேண்டாத படங்களை நீக்க: அதே செட்டிங்ஸில் 'விட்ஜெட்ஸ்', 'டாஸ்க் வியூ' ஆகியவற்றை அணைத்துவிடுக; 'சர்ச்' என்பதை 'ஹைட்' ஆக்குக. தவறுதலாகக் கைபட்டுச் செய்திகளும் விளம்பரங்களும் விரிவது இதனால் நிற்கும்.

4. டெஸ்க்டாப்பில் பழைய படங்கள் வர: 'செட்டிங்ஸ்', 'பெர்சனலைசேஷன்', 'தீம்ஸ்' எனச் சென்று 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' திறந்து 'கம்ப்யூட்டர்' என்பதைக் குறியிடுக. பழைய 'மை கம்ப்யூட்டர்' இப்போது 'திஸ் பிசி' என்னும் பெயரில் வந்து நிற்கும். அதன் பெயரையே 'மை கம்ப்யூட்டர்' என்று மாற்றியும் எழுதிக்கொள்ளலாம்.

5. கோப்புறைகளைத் திறக்கும்போது டிரைவ்கள் முதலில் தெரிய: 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஆப்ஷன்ஸ்' சென்று, முதல் வரியில் 'திஸ் பிசி' என்பதைத் தேர்க.

6. வலப்பொத்தான் பட்டியலில் பழகிய வரிகள் காணப்படாவிடில்: அப்பட்டியலின் அடியில் உள்ள 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் பழைய பட்டியல் முழுமையாக வரும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே வலப்பொத்தானை அழுத்தினாலும் அதே பலன் கிட்டும்.

7. நிறமும் எழுத்தும்: 'பெர்சனலைசேஷன்' பகுதியில் 'கலர்ஸ்' சென்று, ஜன்னல்களின் தலைப்பட்டைக்கு நிறம் தரும் வரியை இயக்குக. எந்த ஜன்னல் இப்போது செயலில் உள்ளது என்பது பழையபடி நிறத்தாலேயே விளங்கும். 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' வழியே எழுத்தைப் பெரிதாக்குக. கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது பேருதவி.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். விசைப்பலகைக் குறுக்குவழிகள் பெரும்பாலும் மாறவேயில்லை. நகலெடுக்க கண்ட்ரோல் சி, ஒட்ட கண்ட்ரோல் வி, ஒரு ஜன்னலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ ஆல்ட் டேப், கோப்புறைகளைத் திறக்க விண்டோஸ் ஈ ஆகியன அன்று இருந்தபடியே இன்றும் உள்ளன. இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசையருகே ஒட்டி வையுங்கள்.

ஒரே கணிப்பொறி, இரு முகங்கள்

"வாப்பாவுக்காக எல்லாவற்றையும் பழையதாக்கினால் கல்லூரி செல்லும் பிள்ளை ஒப்புவானா?" என்ற ஐயம் எழலாம். சண்டைக்கே இடமில்லை. ஒரே கணிப்பொறியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு அமைக்கலாம். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' வழியே இதைச் செய்யலாம். மேற்சொன்ன மாற்றங்கள் யாருடைய கணக்கில் செய்யப்படுகின்றனவோ அவருக்கு மட்டுமே தோன்றும். பெரியவர் தம் பெயரைத் தொட்டு நுழைந்தால் பழைய முகம். பேரன் நுழைந்தால் புதிய முகம்.

இதனால் வேறொரு நன்மையும் உண்டு. பெரியவரின் கணக்குக் கோப்புகளைச் சிறுவர்கள் விளையாட்டாக அழித்துவிடுவது தடைப்படும். சிறுவர்களின் கணக்கை 'ஸ்டாண்டர்ட்' வகையில் அமைத்தால், பெரியவர்களின் கடவுச்சொல் இன்றி அவர்கள் கணிப்பொறியின் முக்கிய அமைப்புகளை மாற்றவும் இயலாது.

வெளி மென்பொருள்கள்: பயனும் ஆபத்தும்

இவ்வளவு செய்தும் ஸ்டார்ட் பட்டியல் புதிய பாணியிலேயே விரியும். அதையும் பழையதாக்க வேண்டுமெனில் வெளி மென்பொருள் தேவை.

இவ்வகையில் புகழ்பெற்றது 2009இல் தோன்றிய 'கிளாசிக் ஷெல்'. அதை உருவாக்கியவர் 2017 டிசம்பரில் பணியை நிறுத்திக்கொண்டு, அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்துவிட்டார். ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து 'ஓபன் ஷெல்' என்ற பெயரில் இலவசமாக வழங்குகின்றனர். பழைய ஒற்றை வரிசைப் பட்டியல், எக்ஸ்பி பாணி இரட்டை வரிசை, விண்டோஸ் 7 பாணி ஆகிய மூன்றுள் ஒன்றை அதில் தேர்ந்துகொள்ளலாம். 'ஸ்டார்ட் 11' என்பது ஸ்டார்டாக் நிறுவனத்தின் கட்டண மென்பொருள். 'எக்ஸ்ப்ளோரர் பேட்சர்' இலவசமானது; விண்டோஸ் 10இன் டாஸ்க்பாரையே கொண்டுவர வல்லது. ஆனால் இத்தகையவை விண்டோஸின் உட்பகுதிகளைச் சார்ந்து இயங்குவதால், பெரிய அப்டேட் வரும்போது பழுதடைவதுண்டு. அந்நேரத்தில் சரிசெய்யத் தெரிந்தவர் வீட்டில் இருந்தாலன்றி அதைத் தவிர்ப்பதே நலம்.

எச்சரிக்கைக்கு ஒரு நிகழ்ச்சி. 2016 ஆகஸ்டில், கிளாசிக் ஷெல் இறக்கித் தரப்பட்ட தளத்தில் விஷமிகள் புகுந்து, அதன் இடத்தில் நச்சு மென்பொருளை வைத்துவிட்டனர். அதை நிறுவிக் கணிப்பொறியை மீண்டும் இயக்கியவர்களுக்கு விண்டோஸே திறக்கவில்லை. வட்டின் தொடக்கப் பகுதி அழிக்கப்பட்டிருந்தது. விரைவில் அது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. இதில் பாடம் என்னவெனில், போலியை நிறுவ முற்பட்டபோதே, வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை என்று விண்டோஸ் எச்சரித்தது. அவ்வரியைப் படித்து ஒரு கணம் நின்றவர்கள் தப்பினர். படியாமலே 'யெஸ்' அழுத்தியவர்கள் இழந்தனர்.

எனவே வெளி மென்பொருள் நிறுவுமுன் மூன்றைச் செய்க. முதலாவது, முக்கியக் கோப்புகளைத் தனி டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுக. இரண்டாவது, தேடும் இடத்தில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' எனத் தட்டித் திரும்பிவரும் புள்ளி ஒன்றை அமைத்துக்கொள்க. மூன்றாவது, உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறுக.

கட்டண மென்பொருளின் பூட்டுடைத்த பிரதியை, "இலவசமாகத் தருகிறேன்" என்று யாரேனும் கொடுத்தால் வாங்காதீர்கள். பிறர் உழைப்பை அவர் ஒப்புதலின்றி எடுப்பது ஹலாலாகாது என்பது ஒருபுறம். அவ்வாறு பூட்டுடைத்தவன் உள்ளே எதைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்பதை யாரறிவார்?

புதியது வாங்க இயலாதவர்கள்

விண்டோஸ் 11 எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏறாது. 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய ப்ராஸஸர்கள் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. புதியது வாங்க வசதியில்லாத குடும்பங்களும் சிறிய மதரஸாக்களும் மனந்தளர வேண்டா. 'லினக்ஸ் மின்ட்' என்னும் இலவச இயக்க முறைமை பழைய கணிப்பொறிகள் பலவற்றில் நன்கு இயங்குகிறது. பாதுகாப்பு அப்டேட்களும் தொடர்ந்து வருகின்றன.

அதன் 'சின்னமன்' என்னும் முகம் இடக்கோடியில் பட்டியல், அடியில் பட்டை என விண்டோஸ் 7ஐப் பெரிதும் ஒத்திருக்கும். அதுவும் பழைய முகத்தை நாடியோரால் பிறந்ததே. லினக்ஸ் உலகில் பெரிதும் வழங்கிய 'க்னோம்' 2011இல் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, அதை விரும்பாதவர்கள் உருவாக்கியவையே சின்னமனும் 'மேட்' என்பதும். ஆனால் விண்டோஸுக்கென வாங்கிய கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக இயங்காது. ஆதலால் எது தேவை என்று முன்னரே ஆராய்ந்து முடிவு செய்க.

இறுதியாக ஒன்று

இம்மாற்றங்களையெல்லாம் நீங்களே செய்து முடித்துவிட்டு, "இதோ, பழையபடி ஆக்கிவிட்டேன்" என்று காட்டாதீர்கள். பெரியவரை அருகில் அமர்த்தி, "வாப்பா, இது எங்கே இருந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளில் ஒன்றிரண்டு மட்டும் கற்றுக்கொடுங்கள். ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டாலும் பத்துமுறையும் மலர்ந்த முகத்துடன் விடை கூறுங்கள். பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூட வெளிப்படுத்தலாகாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம். எதையும் மக்களுக்கு எளிதாக்கவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைப் பணித்தார்கள்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பழகிய திரையில் அமர்ந்திருப்பவர், "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று அந்நியமான ஒன்று திடீரென விரிந்தால் அதை அயலானென உடனே அறிந்துகொள்வார். எல்லாமே அந்நியமாகத் தெரிபவருக்கோ உண்மையும் போலியும் ஒன்றே. சொல்லும் பொத்தானையெல்லாம் அழுத்திவிடுவார்.

தம் கணக்கைத் தாமே எழுதுவது ஒரு மனிதருக்குக் கண்ணியம். ஒரு பொத்தான் இடம் மாறியதால் அக்கண்ணியத்தை அவர் இழக்க வேண்டியதில்லை. அடுத்த ரமளானிலும் உங்கள் வீட்டுப் பெரியவர் தம் ஸகாத் கணக்கைத் தம் கையாலேயே போட்டு முடிக்கட்டும்! நம் பெற்றோருக்குப் பணிவுடன் உதவவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.